கணக்கு மைனஸில் போய்விட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கவுண்டரில் 22 வருடம் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும், யாராவது ஒருவர் பாஸ்புக்கை நீட்டாத வாரம் கிடையாது. ஆள் மாறுகிறார்களே தவிர கேள்வி மாறுவதில்லை: பணம் எங்கே போனது, மைனஸ் என்றால் என்ன, கட்டாவிட்டால் என்ன ஆகும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

எல்லாம் இந்தியாவில் உள்ள சேமிப்புக் கணக்கைப் பற்றியவை. கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும். உதாரணமாக நான் சொல்லும் தொகைகள் பாஸ்புக்குகளில் அடிக்கடி கண்ணில் பட்டவை. படிப்பதற்கு முன்னால் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வந்துவிடுங்கள். ஆறு மாதமாகப் போடாத பாஸ்புக்கை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

"அக்கா, பேலன்ஸ் மைனஸ் 1,180னு காட்டுது. நான் பேங்க்ல கடனே வாங்கலையே?"

கடன் வாங்காமலே கணக்கு மைனஸ் காட்டும். சேமிப்புக் கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க வங்கி விடாது. அதனால் செலவு செய்து மைனஸுக்குப் போனவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் கட்டணங்கள்தான் காரணம். லோன் டியூ திரும்பிப் போனதற்கு ஒரு கட்டணம், ஏடிஎம் கார்டுக்கு வருடக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம், மினிமம் பேலன்ஸ் கட்டணம். கணக்கில் பணம் இல்லாதபோது இவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. பாஸ்புக்கில் இருப்பு பூஜ்யம் என்று இருக்கும், மொபைல் ஆப்பில் மட்டும் மைனஸ் தெரியும். வசூலாகாத கட்டணத்தை வங்கி 'லியன்' என்று குறித்து வைத்திருக்கிறது, அதாவது அடுத்து வரும் பணத்தில் இவ்வளவை நிறுத்தி எடுத்துக்கொள்ளும் என்று பொருள். உங்களுடையது இந்த இரண்டில் எது என்று முதலில் கவுண்டரில் கேளுங்கள். பதிலும் பரிகாரமும் அதைப் பொறுத்தது.

"பாஸ்புக்ல 295, 23.60, 118னு என்னென்னவோ போட்டிருக்கு. ஒண்ணும் புரியல."

இதற்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது. வங்கிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அதனால் பிடித்த தொகையை 1.18 ஆல் வகுத்துப் பாருங்கள். முழு எண் வந்தால் பெரும்பாலும் அது கட்டணம். 295 ஐ வகுத்தால் 250 வரும். லோன் டியூவோ சீட்டுத் தவணையோ எடுக்க வந்து பணம் இல்லாமல் திரும்பியதற்குப் பல வங்கிகள் போடும் தொகை அது. 590 என்றால் அடிப்படை 500. 23.60 என்றால் 20: இருப்பு இல்லாமல் ஏடிஎம்மில் பணம் எடுக்க முயன்றதற்கு. 236 என்றால் 200: பெரும்பாலும் கார்டின் வருடக் கட்டணம்.

முழு எண் வராவிட்டால், சதவீதத்தில் போடும் மினிமம் பேலன்ஸ் கட்டணம் தவிர, பெரும்பாலும் அது கட்டணமாக இருக்காது, வேறு ஏதோ தானாகப் போகிறது. உதாரணமாக 436 ஐ வகுத்தால் சரியாக வராது. அது காப்பீட்டுப் பிரீமியம், கீழே தனியாகச் சொல்கிறேன்.

"மினிமம் பேலன்ஸ் 10,000ங்கறாங்க. மாசக் கடைசியில 10,000 இருந்தா போதும்தானே?"

போதாது. கேட்பது மாத சராசரி. ஒவ்வொரு நாளும் இரவு கணக்கில் என்ன இருந்தது என்று கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். 30 நாள் மாதத்தில் முதல் 20 நாள் 2,000 ரூபாய்தான் இருந்தது என்றால், மீதி 10 நாள் 26,000 இருந்தால்தான் சராசரி 10,000 வரும். மற்ற நாளெல்லாம் 2,000 வைத்துக்கொண்டு கடைசி நாள் மட்டும் இருப்பை 10,000 ஆக்கினால் சராசரி 2,300 கூட வராது. மாறாக, ஒரே ஒரு நாள் 3 லட்சம் இருந்தாலே அந்த மாதக் கணக்கு சரியாகிவிடும். வீடோ நிலமோ விற்ற பணம் ஒரு நாள் தங்கிப் போன மாதத்தில் கட்டணம் வராததற்குக் காரணம் இதுதான்.

குறைந்தால் எவ்வளவு? குறைவான தொகையில் இத்தனை சதவீதம் என்று இருக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே தொகை என்று போடக்கூடாது. சராசரி 3,000 என்றால் குறைவு 7,000. அதில் 6 சதவீதம் 420. ஜிஎஸ்டி சேர்த்தால் 495 ரூபாய் 60 பைசா. மாதாமாதம் இப்படிப் போனால் நூறு நாள் வேலைக் கூலியில் ஒன்றும் மிஞ்சாது.

"எந்த பேங்க்ல மினிமம் பேலன்ஸ் இல்ல? அங்கேயே மாத்திடறேன்."

பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு இந்தக் கட்டணத்தை நீக்கிவிட்டது. 2025 இல் கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி, ஐஓபி ஆகியவையும் நீக்கின. தனியார் வங்கிகளில் பெரும்பாலும் இன்னும் இருக்கிறது. ஐசிஐசிஐ வங்கி 2025 ஆகஸ்டில் நகரங்களில் புதிய கணக்குகளுக்கு 50,000 என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் 15,000 ஆகக் குறைத்தது. அதனால் கணக்கு தொடங்கும் நாளில் இருந்த விதியே கடைசி வரை இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

வங்கி மாற வேண்டும் என்பதே இல்லை. உங்கள் வங்கியிலேயே அடிப்படை சேமிப்புக் கணக்கு உண்டு, மக்கள் ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்று சொல்வார்கள். எல்லா வங்கியும் கட்டாயம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இருக்கிற கணக்கையே அப்படி மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். மாதத்துக்கு நான்கு முறை பணம் எடுக்கக் கட்டணம் இல்லை. பணம் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். ஏடிஎம் கார்டுக்கு வருடக் கட்டணமும் இல்லை. ஆனால் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. மாதம் மூன்று தடவை மட்டும் பணம் எடுக்கும் அம்மாக்களுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது. கவுண்டரில் அவர்களாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

"வெறும் 60 ரூபா குறைஞ்சதுக்கு 1,180 ரூபா போச்சு மேடம். இது எந்த ஊர் நியாயம்?"

ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி கேட்டது இது. அவர் பாஸ்புக்கை வரி வரியாகப் பார்த்தோம். 5 ஆம் தேதி டியூ 4,350. அன்று கணக்கில் இருந்தது 4,290. டியூ திரும்பிவிட்டது. அன்றே 295 பிடித்தார்கள், மிச்சம் 3,995. தம்பிக்கு வந்த குறுஞ்செய்தியில் டியூ திரும்பியது மட்டும் இருந்தது. 60 ரூபாய்தானே குறைந்தது என்று 7 ஆம் தேதி 100 ரூபாய் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டார். 10 ஆம் தேதி நிதி நிறுவனம் இரண்டாம் முறை எடுக்க வந்தது. கணக்கில் இருந்தது 4,095. மறுபடியும் திரும்பியது, மறுபடியும் 295. நிதி நிறுவனம் தன் பங்குக்கு பவுன்ஸ் கட்டணம் 590 போட்டது. 295, 295, 590, மொத்தம் 1,180.

அவர் போட்ட 100 ரூபாயில் தப்பில்லை. வங்கிக் கட்டணமும் நடுவில் போயிருக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். டியூ ஒரு முறை திரும்பிவிட்டால், குறைந்த தொகையை மட்டும் போடாதீர்கள். இருப்பை மறுபடி பார்த்து, டியூ முழுவதற்கும் இருக்கும்படி போடுங்கள். அதைவிட நல்லது, அன்றே நிதி நிறுவனத்துக்குப் போன் செய்து, நேரடியாகக் கட்டிவிட்டு, "இந்த மாதம் மறுபடி எடுக்க அனுப்ப வேண்டாம்" என்று சொல்லி ரசீது வாங்கிக்கொள்வது.

லோன் கொடுத்தவர் போடும் அபராதத்துக்கும் விதி உண்டு. 2024 ஏப்ரல் முதல், அபராதத்தை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. லோன் ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்கள். அபராதத்துக்கு வட்டி ஏறியிருந்தால் கேளுங்கள், குறைப்பார்கள்.

"டியூ அன்னிக்குக் காலையில பணம் போட்டா போதுமா?"

போதும் என்று நம்ப வேண்டாம், முந்தின நாள் மாலைக்குள் போடுங்கள். தானாகப் பணம் எடுக்கும் நாச் முறையில் கோரிக்கை விடியற்காலையிலேயே வந்துவிடலாம், நீங்கள் பத்து மணிக்கு வங்கிக்குப் போவதற்குள் திரும்பியிருக்கும். ஞாயிறு என்றும் இருந்துவிடாதீர்கள். முன்பு விடுமுறை நாளில் எடுக்க மாட்டார்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் எல்லா நாளும் இயங்குகிறது, பொங்கல் அன்று டியூ என்றால் பொங்கல் அன்றே எடுப்பார்கள்.

சம்பளம் 7 ஆம் தேதி, டியூ 5 ஆம் தேதி என்று வைத்துக்கொண்டு மாதாமாதம் தவிப்பவர்களைப் பார்க்கிறேன். டியூ தேதியை 10 ஆக மாற்றித் தரச் சொல்லி லோன் கொடுத்தவரிடம் கேளுங்கள். பல இடங்களில் மாற்றித் தருகிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

"ஆட்டோ டெபிட்டையே நிறுத்திட்டா நல்லதுதானே?"

எதை நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாதச் சந்தா, பழைய சீட்டு, முடிந்துபோன லோன் இவற்றை அவசியம் நிறுத்துங்கள். நாச் ஒப்புதல் என்றால் வங்கியில் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம், சில வங்கி ஆப்பிலும் செய்யலாம். யூபிஐ ஆட்டோபே என்றால் நீங்கள் பயன்படுத்தும் ஆப்பிலேயே அதற்கென்று ஒரு பக்கம் இருக்கும், அங்கே ரத்து செய்யலாம். யூபிஐயிலும் கார்டிலும் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பைத் தள்ளிவிடாமல் படியுங்கள்.

நடப்பில் இருக்கும் லோனுக்கு ஆட்டோ டெபிட்டை நிறுத்தினால், நின்றது பணம் எடுக்கும் வழி மட்டும்தான், கடன் அப்படியே இருக்கிறது. அதனால் தேதி தவறாமல் வேறு வழியில் கட்ட ஏற்பாடு செய்துகொண்டு நிறுத்துங்கள்.

"மே மாசக் கடைசியில 436 ரூபா, 20 ரூபா பிடிச்சிருக்காங்க. நான் எதுலயும் சேரலையே?"

436 பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு, 20 சுரக்ஷா விபத்துக் காப்பீடு. ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை பாதுகாப்பு. அதற்காகத்தான் மே கடைசியில் பிடிக்கிறார்கள். கணக்கு தொடங்கிய நாளில் கையெழுத்து வாங்கிய தாள்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும். உங்களைக் கேட்காமலே சேர்த்திருந்தால், கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆனால் கோபத்தில் ரத்து செய்துவிடாதீர்கள். 436 ரூபாய்க்கு, இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். 20 ரூபாய்க்கு, விபத்தில் இறந்தால் 2 லட்சம். இந்த விலைக்கு வெளியே எங்கும் கிடைக்காது. மே 20 வாக்கில் கணக்கில் 500 ரூபாய் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பணம் இல்லாமல் பிரீமியம் போகாவிட்டால் பாதுகாப்பு நின்றுவிடும், அது யாருக்கும் தெரியாமலே நிற்கும்.

"உரிமைத் தொகை ஆயிரம் ரூபா வந்துச்சு. வந்த அன்னிக்கே பேங்க்காரங்க பிடிச்சுட்டாங்க."

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை முதன்முதலாக வந்தபோதே இது நடந்தது. பல வருடம் சும்மா கிடந்த கணக்குகளில் ஆயிரம் ரூபாய் விழுந்ததும், காத்திருந்த பழைய கட்டணங்கள் அதை எடுத்துக்கொண்டன. அரசு கொடுக்கும் தொகையில் கட்டணம் பிடிக்கக்கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அப்போது வங்கிகளுக்குச் சொன்னார். 1100 என்ற எண்ணில் புகார் செய்யலாம் என்றும் அறிவித்தார்கள்.

பிடித்திருந்தால் பாஸ்புக் பக்கத்தை நகல் எடுத்து, கீழே உள்ள மாதிரிக் கடிதத்தோடு கிளையில் கொடுங்கள். கூடவே, மேலே சொன்னபடி கணக்கை ஜீரோ பேலன்ஸாக மாற்றக் கேளுங்கள். ஒரு மாதம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் மறுபடி பிடிப்பதற்கு வழி இல்லாமல் போகும். கவுண்டரில் அழுதுகொண்டு நின்ற ஒரு பாட்டியின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. அந்த ஆயிரத்தில்தான் மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் கூச்சப்படாதீர்கள், அது உங்கள் பணம்.

"மினிமம் பேலன்ஸ் இல்லேனு போட்டே மைனஸ் ஆக்கிட்டாங்க. அது சரியா?"

சரியில்லை. ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று வெளியிட்டு 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: குறைந்தபட்ச இருப்புக் கட்டணத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக்கூடாது. கட்டணம் போடுவதற்கு முன் குறுஞ்செய்தியிலோ, மின்னஞ்சலிலோ, கடிதத்திலோ தெரிவித்து, இருப்பைச் சரிசெய்ய ஒரு மாத அவகாசமும் தர வேண்டும்.

'மட்டுமே' என்ற சொல்லைக் கவனியுங்கள். டியூ திரும்பியதற்கான 295, கார்டுக் கட்டணம் போன்றவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அதனால்தான் எது எதற்காகப் போனது என்று முதலில் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். 1,180 இல் 500 மட்டும் மினிமம் பேலன்ஸ் என்றால் அந்த 500 ஐப் பற்றி உறுதியாகக் கேளுங்கள், மீதியைக் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை என்றால் மேனேஜர் தன் அதிகாரத்திலேயே கொஞ்சம் தள்ளுபடி செய்வதுண்டு.

"கல்யாணத்துக்கு முன்னாடி வேலை பார்த்த கம்பெனில தொடங்கின கணக்கு. ரெண்டு மூணு வருஷமா தொடல. இப்ப எவ்வளவு ஏறியிருக்குமோ?"

பயப்படும் அளவுக்கு இருக்காது. இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் எதுவும் செய்யாத கணக்கு செயல்படாத கணக்கு ஆகிவிடும். அப்படி ஆன பிறகு மினிமம் பேலன்ஸ் கட்டணம் போடக்கூடாது, மறுபடி செயல்படுத்தவும் பணம் கேட்கக்கூடாது. ஆதார், பான், ஒரு போட்டோவோடு போய் கேஒய்சி கொடுத்தால் போதும்.

சிக்கல் அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில்தான். சம்பளக் கணக்குக்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது. சம்பளம் வருவது நின்று சில மாதம் ஆனதும் வங்கி அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடும், அன்றிலிருந்து கட்டணம் ஓடும். வேலையை விட்டு வரும்போதே அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும் அல்லது ஜீரோ பேலன்ஸாக மாற்ற வேண்டும். கம்பெனி மாறும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இதைச் சொல்கிறேன்.

"மைனஸக் கட்டாம விட்டா போலீஸ் வருமா? சிபில் கெட்டுப் போகுமா?"

கட்டணத்தால் வந்த மைனஸுக்குப் போலீஸ் வராது. அது குற்றம் அல்ல, நிலுவை. சேமிப்புக் கணக்கின் இருப்பு, யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று பதிவு வைக்கும் சிபிலுக்கும் போவதில்லை. அதே வங்கியில் உங்கள் கணக்குக்கு அடுத்து பணம் வந்தால் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஆனால் மைனஸுக்குக் காரணமான விஷயத்தைக் கவனியுங்கள். டியூ தவறியது சிபிலில் ஏறும். கடனுக்காகக் கொடுத்த செக் பணம் இல்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138 ஆம் பிரிவில் வழக்கு வரலாம். நாச் திரும்பினாலும் 2007 ஆம் வருடத்துப் பணம் செலுத்தும் முறைகள் சட்டத்தின் 25 ஆம் பிரிவில் அதே போன்ற வழக்கு வரலாம். இரண்டிலும் 2 வருடம் வரை சிறையோ, தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. இரண்டிலும் முதலில் நோட்டீஸ் வரும். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்குக்கு இடமில்லை. பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த 15 நாளை இழப்பது நீங்கள்தான்.

"கணக்குல 3,000 இருக்கு. ஆனா எடுக்கலாம்ங்கற பேலன்ஸ் மைனஸ் 8,000னு வருது. சார்ஜும் எதுவும் இல்ல."

அது முதல் பதிலில் சொன்ன லியன்தான், ஆனால் காரணம் வேறாக இருக்கும். இப்போது அதிகம் பார்ப்பது சைபர் கிரைம் புகாரால் வைக்கப்படும் நிறுத்தம். யாரோ ஏமாற்றி வாங்கிய பணத்தில் ஒரு பகுதி கை மாறிக் கை மாறி உங்கள் கடைக்கு யூபிஐயில் வந்திருக்கும். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணில் புகார் செய்ததும், பணம் போன வழியிலுள்ள கணக்குகளில் எல்லாம் அந்தத் தொகையை நிறுத்தி வைப்பார்கள். 11,000 நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கணக்கில் இருப்பது 3,000. மைனஸ் 8,000 வந்தது அப்படித்தான்.

கவுண்டரில் சத்தம் போட்டுப் பயனில்லை, கிளையால் அதை எடுக்க முடியாது. எந்த மாநில போலீஸ், புகார் எண் என்ன, எந்தப் பரிவர்த்தனை, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பணம் எதற்காக வந்தது என்பதற்கு பில், போன் உரையாடல் எது இருந்தாலும் சேர்த்து அந்தக் காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள். நடுவில் யாராவது போன் செய்து "இவ்வளவு கொடுத்தால் நீக்கித் தருகிறேன்" என்றால் அது இன்னொரு மோசடி.

"ஜன்தன் கணக்குல 10,000 ஓவர் டிராஃப்ட் தருவாங்களாமே? மைனஸும் அதுவும் ஒண்ணா?"

ஒன்றல்ல. ஓவர் டிராஃப்ட் என்பது வங்கி முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தரும் வசதி, வாய்வழக்கில் ஓடி. ஜன்தன் திட்டம் 2014 இல் தொடங்கியபோது 5,000 ஆக இருந்த உச்சவரம்பு 2018 இல் 10,000 ஆனது. கணக்கை ஆறு மாதம் ஒழுங்காக நடத்தியிருக்க வேண்டும், வீட்டுக்கு ஒருவருக்குத்தான், பெண்களுக்கு முன்னுரிமை. 2,000 வரை நிபந்தனை இல்லை. தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். இது கடன், வட்டி உண்டு, திருப்பிக் கட்டாவிட்டால் சிபிலிலும் ஏறும்.

வைப்புத் தொகை வைத்திருப்பவர்கள் அதன் மேல் ஓடி வாங்கலாம். எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. வழக்கமாக வைப்பு வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதல். 20 நாளுக்கு 15,000 வேண்டும் என்பதற்காக எஃப்டியை உடைப்பதைவிட இது மேல்.

"இந்தக் கணக்கே வேண்டாம். மைனஸோட மூடிடலாமா?"

நிலுவையைத் தீர்த்த பிறகுதான் முடித்துத் தருவார்கள். அதனால் முதலில் தள்ளுபடி கேட்டுக் கடிதம், பதில் வந்ததும் மீதியைக் கட்டி, முடிக்கும் விண்ணப்பம். முடிப்பதற்கு முன் கேஸ் மானியம், உரிமைத் தொகை, ஆதார் இணைப்பு எல்லாம் வேறு கணக்குக்கு மாறிவிட்டனவா என்று பாருங்கள். கணக்கு முடிந்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள்.

"எழுதிக் குடுங்கனு சொல்றீங்க. என்னனு எழுதறது? மேனேஜர் கண்டுக்கலேனா?"

இப்படி எழுதுங்கள், இதற்கு மேல் வேண்டாம்:

"கிளை மேலாளர் அவர்களுக்கு. என் சேமிப்புக் கணக்கு எண் ____. இதில் ____ தேதியில் குறைந்தபட்ச இருப்புக் கட்டணமாக ____ ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. கட்டணம் விதிக்கும் முன் எனக்கு அனுப்பிய அறிவிப்பின் நகலைத் தரவும். ரிசர்வ் வங்கியின் 20.11.2014 தேதிச் சுற்றறிக்கைப்படி இந்தக் கட்டணத்தால் மட்டும் கணக்கு எதிர்மறை இருப்புக்குப் போகக்கூடாது. எனவே இத்தொகையை என் கணக்கில் திரும்ப வரவு வைத்து, எழுத்து மூலம் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் பதியலாம், விவரம் கேட்க 14448 என்ற எண். முத்திரை போட்ட அந்த நகல் இல்லாமல் போனால் "முதலில் வங்கியில் கொடுத்தீர்களா" என்ற கேள்வியிலேயே நின்றுவிடும்.

"என் கணக்குல தப்பா 12,000 வந்துச்சு. செலவு பண்ணிட்டேன். இப்ப திருப்பி எடுத்து மைனஸ் ஆக்கிட்டாங்க."

தவறாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72 ஆம் பிரிவு. இதில் வங்கியோடு வாதாட இடமில்லை. தவணையில் கட்ட அனுமதி கேட்டு எழுதிக் கொடுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் முன்பின் தெரியாதவர் போன் செய்து "தவறாக அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்றால் நீங்களாக அனுப்பாதீர்கள். அவருடைய வங்கி மூலமாக வரச் சொல்லுங்கள்.

"அப்பா தவறிட்டாரு. அவர் கணக்கு மைனஸ் 2,300ல இருக்கு. நாங்க கட்டணுமா?"

அவர் விட்டுச் சென்ற சொத்தில் இருந்துதான் அவர் கடனைக் கேட்க முடியும், உங்கள் கைக்காசில் இருந்து அல்ல. இறப்புச் சான்றிதழின் நகலைக் கொடுத்து, அன்றைய தேதி முதல் எல்லா ஆட்டோ டெபிட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். இறந்த பிறகு ஏறிய கட்டணங்களை நீக்கக் கேளுங்கள். பெரும்பாலான மேனேஜர்கள் மறுப்பதில்லை.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவின் பாஸ்புக்கில் போன மே, ஜூன் மாதப் பக்கத்தைத் திறந்து 436 என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அவர் 55 வயதுக்குள் இறந்து, அந்த வரியும் இருந்தால், நாமினிக்கு 2 லட்சம் வர வேண்டும். 20 ரூபாய் வரி இருந்து விபத்தில் இறந்திருந்தால் அதற்குத் தனியாக 2 லட்சம். எந்த வங்கியும் வீடு தேடி வந்து இதைச் சொல்லாது. மைனஸ் 2,300 ஐப் பற்றிப் பேசுவதற்கு முன், கவுண்டரில் அந்தக் காப்பீட்டுக்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.